பதினைந்து சென்டிமீட்டருக்கு அப்பால்

2022 டிசம்பர் 14, புதன்கிழமை, காலை பத்து நாற்பதுக்குக் கிம் டிரெலோரின் லாரி போர்ட் கெல்லன் தானியக் கிடங்கின் வாசலில் திரும்பியது. வண்டி வருவதற்கு முன்பே அதன் பாட்டு வந்துவிட்டது. தான் பாடிய பாட்டைத் தானே உரக்க வைத்துக்கொண்டு வருவது அவன் வழக்கம்.

"கணக்குப் போடும் கண்ணே, கொஞ்சம் கண்ணாடியைக் கழற்று,
எண்ணியெண்ணி என்ன கண்டாய், என்னைக் கொஞ்சம் எண்ணு."

மாதிரிக் கொட்டகையின் ஜன்னலுக்குள் லியோனி வென்ஸல் தலையைத் தூக்கவில்லை. அது அவளுக்கு முப்பத்தாறாவது அறுவடை. லாரியில் வரும் கோதுமையையும் பார்லியையும் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்து, சலித்து, ஈரம் பார்த்து, இன்ன தரம் என்று சீட்டு எழுதிக் கொடுப்பது அவள் வேலை. பார்லிக்கு ஈரம் பன்னிரண்டரை விழுக்காடு வரை இருக்கலாம். அதற்குமேல் ஒரு புள்ளி போனாலும் லாரி திரும்பித்தான் போகவேண்டும்.

அந்தப் பாட்டில் வரும் கண்ணாடிக்காரி அவள்தான். ஊரில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. வெளியூர் லாரிக்காரர்களுக்கும் அறுவடையின் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். அதன்பிறகு அவர்களும் ஜன்னலருகே வரும்போது விசிலடிப்பார்கள்.

கிம் படியேறி வந்து ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றினான். ஐம்பத்தைந்து வயது. தலை பாதி போயிருந்தது. சிரிப்பு மட்டும் பழைய இசைத்தட்டு உறையில் இருந்த அதே சிரிப்பு.

"என்னடி லியோ, எவ்வளவு காட்டுது?"

"பன்னண்டு புள்ளி ஆறு."

"அடப்பாவமே, ஒரே ஒரு புள்ளியா! கண்ணாடியக் கழட்டிட்டுப் பாரு, பன்னண்டரையாத் தெரியும்."

பின்னால் வரிசையில் நின்ற இரண்டு லாரிக்காரர்கள் சிரித்தார்கள்.

"மறு சோதனை வேணும்னா வாயத் தொறந்து கேளு. அதையும் பாட்டாப் பாடாத."

"கேக்குறேன் தாயே, கேக்குறேன்."

விதி அப்படி. எல்லையில் நிற்கும் சரக்குக்கு ஒருமுறை புதிதாக மாதிரி எடுக்கலாம். இரண்டாவது எண்ணே கணக்கு. லியோனி மறுபடி குழாயை இறக்கினாள், ஒரு கிண்ணம் அள்ளி இயந்திரத்தில் கொட்டினாள். அதன் திரை அவள் பக்கம் மட்டுமே திரும்பியிருந்தது. காத்திருந்த நாற்பது வினாடியில் கிம் சொன்னான்:

"சேதி தெரியுமா? வெளிய நிக்குதே நாலு குதிரு, அதுல படம் வரையப்போறாங்க. தபாலாபீஸ் ரோனா அனுமதி கேட்டு கவர்மெண்டுக்கு எழுதிட்டா. டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் வரும்."

"என்ன படம்?"

"நாமதான்டி! படகுத்துறை, முழு நிலா, என் கையில உன் கண்ணாடி. நீ முடி பறக்க என்னையே பாத்துக்கிட்டு நிக்கிற. இருபத்தெட்டு மீட்டர் ஒசரம்."

"என்கிட்ட யாரும் கேக்கலியே."

"எதுக்குக் கேக்கணும்? பாட்டு ஊரோடதுல்ல?"

திரையில் எண் வந்தது. 12.5.

பன்னிரண்டு புள்ளி ஏழு என்று அவள் சொல்லியிருந்தாலும் கேட்க ஆளில்லை. நாற்பது டன் பார்லியை அவன் திருப்பி ஓட்டிக்கொண்டு போயிருப்பான். அந்த எண்ணம் அவள் நாக்கு வரை வந்தது உண்மை. ஆனால் அது ஒரு நாள் பழி. சாயங்காலம் மதுக்கடையில் இரண்டு கிளாஸ் பீரோடு கரைந்துபோகும். அவள் பன்னிரண்டரை என்று எழுதி, சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

"பாத்தியா, என்மேல இன்னும் ஆசதான் உனக்கு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

லியோனி ஜன்னல் வழியாக அந்த நான்கு கான்கிரீட் குதிர்களையும் பார்த்தாள். மதியம் வரை அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கை சல்லடையில் நின்றுபோயிற்று.

*

பாட்டு சொல்லும் கதை ஒன்று. நடந்தது வேறு.

1986 நவம்பர் 8, சனிக்கிழமை. ஃபுட்பால் கிளப்பின் ஆண்டு விருந்து. லியோனிக்குப் பதினேழு வயது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் இயற்பியல் தேர்வு. அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து வானிலை ஆய்வுக்குப் போகவேண்டும் என்பது பத்து வயதிலிருந்து அவள் போட்டு வைத்திருந்த கணக்கு. விருந்துக்கு ஒரு மணிநேரம் தலைகாட்டிவிட்டு வந்துவிடலாம் என்று போனாள்.

அவள் கண்ணாடியின் பவர் வலது கண்ணுக்கு மைனஸ் ஆறரை, இடதுக்கு மைனஸ் ஏழேகால். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் வரைதான் உலகம். அதற்கு அப்பால் எல்லாம் கஞ்சி.

பக்கத்துப் பண்ணை டிரெலோரின் மகன் கிம் அன்றைக்கு மேடையில் கிட்டார் வாசித்தான். இடைவேளையில் இறங்கி வந்து, எல்லோர் முன்னாலும் அவள் முகத்திலிருந்து கண்ணாடியை உருவித் தான் போட்டுக்கொண்டு, கணக்கு வாத்தியார் மாதிரி நடந்து காட்டினான். கூட்டம் சிரித்தது. "குடுடா" என்று அவள் கையை நீட்டிக்கொண்டு பின்னால் போனாள். அவன் படகுத்துறையின் முனை வரை ஓடினான். முப்பது பேர் கூடவே ஓடினார்கள். அங்கே, "இது இல்லாமதான் நீ அழகு" என்று கத்திவிட்டு, கண்ணாடியைக் கடலில் வீசினான்.

வீட்டில் இருந்தது ஒன்பது வயதில் போட்ட பழைய கண்ணாடி. பவர் மைனஸ் ஒன்றரை. அவ்வளவு தடித்த புதிய கண்ணாடி அடிலெய்டிலிருந்து வர ஒன்பது நாள் ஆயிற்று. திங்கட்கிழமை அவள் தேர்வுத்தாளை மூக்கோடு ஒட்டி வைத்துப் படித்தாள். எழுத்தை எப்படியோ பிடித்தாள். வரைபடம் ஒரே பார்வைக்குள் அடங்கவில்லை, அதன் கோடுகளைப் பிடிக்க முடியவில்லை. வியாழக்கிழமை கணக்குத் தேர்விலும் அப்படியே. பல்கலைக்கழக இடம் பதினொரு மதிப்பெண்ணில் போயிற்று. அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம் என்றிருந்தாள். மார்ச் மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நவம்பரில் அறுவடை தொடங்கியதும் மாதிரிக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

1988 பிப்ரவரியில் பாட்டு வந்தது. கிம்மும் அவனுடைய நாலு பேர் குழுவும் பாடியது. நாடு முழுக்க ஒன்பது வாரம் வானொலியில் ஓடியது; நான்காவது இடம் வரை ஏறியது. அதன் மூன்றாவது சரணம்தான் எல்லோருக்கும் மனப்பாடம்:

"கண்ணாடி கடலில் போச்சு, முழு நிலா மேலே வந்தது,
கண் திறந்து முதல் முறையாய் என் முகத்தைக் கண்டாள்."

அன்றைக்கு வானத்தில் இருந்தது அரை நிலா.

குழு ஆறு வருஷத்தில் கலைந்தது. கிம் அப்பாவின் பண்ணைக்குத் திரும்பி வந்தான். பாட்டு கலையவில்லை. கல்யாணங்களில், கண்காட்சிகளில், பல்பொருள் கடையின் கூரையிலிருந்து, பல் மருத்துவரின் அறையில் வாயைத் திறந்து வைத்திருக்கும்போது என்று அது அவளைத் தேடி வந்தது. தன் காதில் விழுந்த ஒவ்வொரு தடவையையும் தேதி, இடம், பாடியது யார் என்று அவள் ஒரு நோட்டில் குறித்துவந்தாள். 2022 டிசம்பர் முடிய 2,906.

இன்னொரு நோட்டும் இருந்தது. புத்தகப் புழுக்களையும் கண்ணாடிக்காரர்களையும் கணக்குப் பைத்தியங்களையும் பற்றிய காதல் பாட்டுகளை வானொலியில் கேட்கும்போதெல்லாம் அதில் எழுதுவாள். மொத்தம் அறுபத்தொன்று. முப்பத்தெட்டு பையன்களைப் பற்றியது. அதில் இருபத்தொன்றில் பையன் பணக்காரனாகிறான், அல்லது பெரிய ஆளாகிறான், அதன்பிறகு அவள் திரும்பிப் பார்க்கிறாள். மீதிப் பதினேழில் அவள் சிரித்துவிட்டுப் போகிறாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறான். பெண்களைப் பற்றியது இருபத்துமூன்று. பத்தொன்பதில் கண்ணாடியைக் கழற்றியதும் அவள் அழகியாகிறாள். நான்கில் அவள் நூலகக்காரி அல்லது டீச்சர், கூந்தலை அவிழ்த்துவிடுகிறாள். கண்ணாடியைத் திருப்பிக் கொடு என்று கேட்கிறவள் ஒரு பாட்டில்கூட இல்லை.

லியோனி 1995-இல் பள்ளி பஸ் ஓட்டிய கோலினைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவனும் கண்ணாடிக்காரன். முத்தமிடும்போது இரண்டு கண்ணாடியும் டக்கென்று இடித்துக்கொள்ளும். இருவரும் சிரிப்பார்கள், கழற்றமாட்டார்கள். 2018-இல் அவன் இறக்கும் வரை அப்படித்தான். அந்தச் சத்தத்தைப் பற்றியும் யாரும் பாட்டு எழுதவில்லை.

*

2023 ஜனவரி 19, வியாழக்கிழமை, குதிர்ப்படக் குழுவின் தலைவி ரோனா பாஸ்கோ இறைச்சி அடைத்த இரண்டு சூடான பேஸ்டிகளைக் காகிதப் பையில் எடுத்துக்கொண்டு லியோனியின் வீட்டுக்கு வந்தாள். முப்பது வருஷம் ஊர்த் தபாலகத்தை நடத்தியவள். யாருக்கு என்ன கடிதம் வருகிறது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தவள். ஆனால் இந்த விஷயத்தில் அவளுக்கே ஒன்று தெரியாமல் போயிருந்தது. உயிரோடு இருக்கும் ஒருவரைப் படமாக வரைவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று அரசாங்கம் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டது.

"உன்னக் கேக்கணும்னு எங்களுக்குத் தோணவேயில்லடி," என்றாள் ரோனா. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. "அது நீன்னு ஊருக்கே தெரியும். அப்புறம் என்ன கேக்குறதுன்னு விட்டுட்டோம்."

"பரவாயில்ல. உக்காரு."

லியோனி தாளை இரண்டு முறை படித்தாள். ரோனா முதல் பேஸ்டியைத் தின்று முடித்தாள்.

"போடமாட்டேன்னு சொல்லிடாத தாயி. மெல்போர்ன்லேருந்து ஓவியர் வர்றா. கிரேன் புக் பண்ணியாச்சு."

"போடறேன். ஆனா அன்னிக்கு நடந்தது நடந்தபடி இருக்கணும். வெவரமெல்லாம் நான்தான் குடுப்பேன்."

ரோனாவின் முகம் மலர்ந்தது. "நான் வரும்போதே கிம்கிட்ட சொன்னேன். அவ ஒத்துக்குவா, ஆனா எத்தன பொத்தான், எத்தன ஆணின்னு கணக்குக் கேப்பான்னு."

"அன்னிக்கு அரை நிலா."

"அரை நிலாவே வரைஞ்சுட்டாப் போச்சு! கிம்கிட்ட நான் பேசிக்கறேன்."

லியோனி பேனாவை எடுத்து, சம்மதத்தின் கீழே தன் கையெழுத்தில் இரண்டு வரி சேர்த்தாள். அந்த இரவு லியோனி வென்ஸல் தரும் உண்மை விவரங்களின்படியே வரையப்பட வேண்டும். வரைந்து முடிந்தபின் அவர் எழுத்துமூலம் ஒப்புக்கொள்ளாமல் படத்தில் எதையும் மாற்றவோ மறைக்கவோ கூடாது. படத்தில் வரும் இன்னொருவரான கிம் டிரெலோரும் இதில் கையெழுத்திட வேண்டும்.

ரோனா அதைப் படித்தாள். அவளுக்குப் பொத்தான்களும் ஆணிகளும்தான் கண்ணில் பட்டன. கையெழுத்துப் போட்டாள். அன்று பிற்பகலே கிம் தன் வண்டியின் முகப்பில் தாளை வைத்து, படித்தும் பார்க்காமல், பாட்டின் முதல் வரியை முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான் என்று அவளே பிறகு சொன்னாள். அறுபத்தோரு பாட்டுகள் சொல்லிக்கொடுத்திருந்தது அதைத்தானே. கண்ணாடிக்காரிக்குச் சின்னச் சின்ன எண்கள் சரியாக இருந்தால் போதும். மனசில் அவளுக்கு ஒன்றும் இருக்காது.

*

ஓவியர் மரீகா ஸ்டாவ்ரூ மார்ச் 13 அன்று வந்தாள். முப்பத்துமூன்று வயது, கையெல்லாம் பெயிண்ட், வாயெல்லாம் சிரிப்பு. அடுத்த நாள் பிற்பகல் லியோனியின் சமையலறையில் வரைபடத் தாள்களை விரித்தாள்.

"எங்க அக்கா கல்யாணத்துல இந்தப் பாட்டுதாங்க. நீங்கதான் அவங்கன்னு நம்பவே முடியல. சொல்லுங்க, அன்னிக்கு என்ன டிரஸ்?"

"டிரஸ்ஸ அப்புறம் சொல்றேன். உங்க கண்ணு நல்லா இருக்கா?"

"கழுகுக் கண்ணுங்க."

"அப்ப இதப் போடுங்க."

லியோனி மேஜை மேல் ஒரு சோதனைச் சட்டத்தை வைத்தாள். கண் மருத்துவர்கள் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்களே, அது. அடிலெய்டில் தன் கண்ணைப் பார்க்கிறவரிடம் ஒரு மாதத்துக்கு இரவல் வாங்கியிருந்தாள். வலதில் பிளஸ் ஆறரை, இடதில் பிளஸ் ஏழேகால். நல்ல கண்ணுள்ளவர் அதைப் போட்டால், கண்ணாடி இல்லாத லியோனி எப்படிப் பார்ப்பாளோ அப்படித் தெரியும். பெயிண்ட் கடையில் நிறம் கலப்பதுபோல இதற்கும் கணக்கு உண்டு.

மரீகா போட்டுக்கொண்டாள். லியோனி எழுந்து, அவளுக்கு நேர் எதிரே அறுபது சென்டிமீட்டரில் நின்றாள். அளவு நாடா வைத்துத்தான் நின்றாள்.

"என் வாய் எங்க இருக்கு?"

மரீகா சிரித்தாள். "எங்கியோ கீழ இருக்கு."

"நான் சிரிக்கிறேனா, அழுறேனா?"

மரீகா தலையை முன்னே நீட்டினாள், பின்னே இழுத்தாள். சிரிப்பு நின்றது.

"தெரியலீங்க."

"மூணாவது சரணம் ஞாபகம் இருக்குல்ல?"

மரீகா சட்டத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். லியோனி மொத்தத்தையும் சொன்னாள். படகுத்துறை, முப்பது பேர், திங்கட்கிழமை, பதினொரு மதிப்பெண். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டீ ஆறிப்போயிற்று.

"அப்ப நான் வரைய வேண்டியது…" என்று மரீகா இழுத்தாள்.

"நீங்க இப்பப் பாத்தது. அந்த அளவுல, அந்தக் கலங்கல்ல. நான் கண்ட அவன் முகம். கடைசிக் குதிர் முழுக்க."

"பெரிய வில்லிங்க நீங்க."

"ஆமா. எனக்குப் பழி வேணும். அதுக்கு நியாயம், கலைன்னெல்லாம் நான் பேர் வைக்கல. ஆனா அளவு ஒரு புள்ளி கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. அவன் கேட்டா, இதுதான் உண்மைன்னு நான் சொல்ற மாதிரி இருக்கணும்."

மரீகா சட்டத்தை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு தரம் அங்க போய் நில்லுங்க," என்றாள்.

*

கடலோரத்துக் குதிரிலிருந்து வேலை தொடங்கியது. முதல் குதிரில் படகுத்துறையும் சிரிக்கிற முப்பது பேரும் வந்தார்கள். பல் எண்ணும்படி அவ்வளவு துல்லியம். ஊரில் சிலர் தங்களையே கண்டுபிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். இரண்டாவதில் பதினேழு வயது லியோனி கண்ணைச் சுருக்கி, ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றாள். "என்னைக் கட்டிப்பிடிக்க வர்றா பாரு," என்று கிம் கீழிருந்து சொன்னான். மூன்றாவதில் காற்றில் பறக்கும் கண்ணாடி, அதன் கீலில் ஒரு திருகு, இரண்டு வில்லைகளிலும் ஒவ்வொரு அரை நிலா.

நான்காவதில் ஏப்ரல் 10 முதல் வேலை நடந்தது. தோல் நிறத்தில் ஒரு பெரிய கலங்கல். அதன் மேலே தவிட்டு நிறத்தில் ஒரு கலங்கல், கீழே சிவப்புச் சட்டையின் கலங்கல்.

"அடிப்பூச்சு போடறா," என்று ரோனா எல்லோரிடமும் சொன்னாள். "மூக்கு முழியெல்லாம் கடைசியிலதான் வரும்."

ஏப்ரல் 20, வியாழக்கிழமை, மாலை நாலு மணிக்கு மரீகா பெயிண்ட் டப்பாக்களை வண்டியில் ஏற்றினாள். கிரேன்காரர் கூண்டை மடக்கினார். ரோனா சாலையைத் தாண்டி ஓடிவந்தாள். கிம்மும் கூட வந்தான்.

"ஏம்மா, முகம் எப்ப வரையப்போற? சனிக்கிழம திறப்பு விழா!"

"வரைஞ்சாச்சுங்களே."

"எங்க?"

"அதோ."

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். இருபத்தெட்டு மீட்டர் உயரத்துக்குக் கண்ணும் இல்லாமல் வாயும் இல்லாமல் ஒரு முகம் அவர்களைப் பார்த்தது.

"இது என்னடி பிசைஞ்ச மாவு மாதிரி?" என்றான் கிம்.

"கண்ணாடி இல்லாம அவங்க கண்ட முகங்க. மைனஸ் ஆறரை, மைனஸ் ஏழேகால், அறுபது சென்டிமீட்டர் தூரம். வெவரம் அவங்க குடுத்தாங்க. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

ரோனா தாளைத் தேடித் தபாலகக்காரியின் வேகத்தில் வீட்டுக்குப் போனாள். படித்தாள். மறுபடி படித்தாள். அன்று மாலை அவள் லியோனிக்கு மூன்று முறை போன் செய்தாள். மூன்றாவது முறை லியோனி எடுத்து, "பொத்தான் எத்தனன்னு சரியா இருக்கா ரோனா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

*

வெள்ளிக்கிழமை மதியம் கிம் வந்தான். வண்டியில் பாட்டு இல்லை. லியோனி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் குடு லியோ. மரீகா இன்னும் மோட்டல்லதான் இருக்கா. கண்ணும் வாயும் மட்டும் வரையச் சொல்லிடலாம்."

"மாட்டேன்."

"முப்பத்தாறு வருஷம் ஆச்சுடி. ஒரு பாட்டு. அது உன்ன அழகின்னுதானே சொல்லுது? எத்தன பேருக்கு அப்படி ஒரு பாட்டு கெடைக்கும்?"

அவள் ஒரு போர்வையை உதறிப் போட்டாள்.

"பரீட்சை விஷயம் எனக்குத் தெரியாது," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "மரீகாதான் நேத்து சொன்னா. தெரிஞ்சிருந்தா…"

லியோனி திரும்பினாள்.

"நவம்பர் ஒன்பது, ஞாயித்துக்கெழம, காலைல பத்தரை மணி. உங்க வீட்டு வராந்தா. நான் வேலியப் புடிச்சுக்கிட்டே நடந்து வந்தேன். உங்க அம்மா பட்டாணி உரிச்சுக்கிட்டிருந்தாங்க. கண்ணாடிய எந்தப் பக்கம் எறிஞ்சே, அலை இறங்கினதும் தேடலாம், நாளைக்குப் பரீட்சைன்னு கேட்டேன். நீ கிட்டாருக்குத் தந்தி மாட்டிக்கிட்டிருந்தே. தலையத் தூக்காமயே சொன்னே, 'யாராவது படிச்சுச் சொல்லச் சொல்லு'ன்னு. உங்க அம்மாகூட 'டேய்'ன்னாங்க. ஞாபகம் வருதா?"

கொடியில் துணி படபடத்தது. அவன் முகத்தில் வந்ததை லியோனி கண்ணாடி வழியாக நன்றாகப் பார்த்தாள். அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அல்லது அது எப்போதுமே போகவில்லை.

"அப்ப எனக்குப் பதினெட்டு வயசு," என்றான்.

"எனக்குப் பதினேழு."

"மன்னிச்சுக்கோன்னா எழுதிக் குடுப்பியா?"

"மன்னிப்புக் கேக்குறதுன்னா கேளு. அதுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்ல. படம் அப்படியே இருக்கும்."

அவன் கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

*

சனிக்கிழமை, ஏப்ரல் 22. நானூறு பேருக்குமேல் கூடியிருந்தார்கள். பள்ளிப் பெற்றோர் சங்கம் ரொட்டியில் சாஸேஜ் வைத்து விற்றது. பதினொரு மணிக்குக் கிம் கிட்டாரோடு மேடையேறினான். வராமல் இருந்திருக்கலாம். ஆனால் அவன் பெயர் போட்ட விளம்பரத்தாள் மூன்று ஊர்களில் ஒட்டப்பட்டிருந்தது. வரவில்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கு ஒரு பதில் சொல்லவேண்டும். அதற்குப் பாடிவிடுவது மேல் என்று நினைத்திருப்பான்.

முதல் சரணத்தைக் கூட்டமும் சேர்ந்து பாடியது. இரண்டாவதிலும் கை தட்டினார்கள். மேடை நான்காவது குதிரின் அடியில் இருந்தது. பாடுகிறவனைப் பார்க்கும் எல்லோர் கண்ணிலும் அவன் தலைக்குமேல் அந்தக் கலங்கல் விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாவது சரணம் வந்தது. கண்ணாடி கடலில் போயிற்று. முழு நிலா மேலே வந்தது. கண் திறந்து முதல் முறையாய் என் முகத்தைக் கண்டாள் என்று கிம் பாடினான். முன்வரிசையில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று மேலே கையைக் காட்டி, "எந்த முகம்மா? அங்க மூஞ்சியே இல்லியே!" என்று கேட்டது.

பக்கத்தில் இருந்த பத்துப் பேர் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று பின்னால் இருந்தவர்கள் கேட்டார்கள். பதில் வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. சிரிப்பும் கூடவே போயிற்று. கிம் அதே சரணத்தை வழக்கம்போல இரண்டாம் முறை பாடவேண்டியிருந்தது, ஏனென்றால் பாட்டு அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. இந்த முறை "என் முகத்தை" என்ற இடத்தில் நானூறு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். படகுத்துறையில் அன்றைக்குச் சிரித்த முப்பது பேரில் பத்துப் பன்னிரண்டு பேராவது அதில் இருந்திருப்பார்கள். அவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

லியோனி கூட்டத்தின் நடுவில், மேடையிலிருந்து ஒன்பது மீட்டரில் நின்றாள். அன்று காலை கண்ணாடியை இரண்டு முறை துடைத்திருந்தாள். கிம்மின் கழுத்து சிவந்ததும், காது சிவந்ததும், ஒரு தந்தியை அவன் விரல் தவறவிட்டதும், வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியதும் ஒவ்வொன்றாக அவளுக்குத் தெரிந்தது. அவனும் அவளைப் பார்த்தான். அவள் பார்வையை எடுக்கவில்லை. கடைசி வரி வரை நின்று பார்த்தாள். அவளுக்குப் பரிதாபம் வருமோ என்று கொஞ்சம் பயம் இருந்தது. வரவில்லை.

விழா முடிந்ததும் ரோனா அவளைக் கடந்து போனாள். அதற்குப்பிறகு நான்கு மாதம் பேசவில்லை. ஆனால் பஸ்கள் வந்தன. முதல் மாதமே பதினேழு. முகமில்லாத முகத்தைப் பார்க்கத்தான் வந்தார்கள். கைபேசியைத் தூக்கிப் பிடித்து, படம் தெளிவாக விழவில்லை என்று திரும்பத் திரும்பத் திரையைத் தட்டினார்கள். ஆகஸ்டில் ரோனா மறுபடி பேஸ்டியோடு வந்தாள்.

அந்த ஆண்டு அறுவடையிலிருந்து கிம் தன் பார்லியைப் போர்ட் கெல்லனுக்குக் கொண்டுவருவதில்லை. நாற்பத்தோரு கிலோமீட்டர் தள்ளி அடுத்த துறைமுகத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறான். அங்கே வரிசையில் ஒன்றரை மணிநேரம் காத்திருக்க வேண்டும். கிளப்பில் யாராவது பாடச் சொன்னால் தொண்டை சரியில்லை என்கிறானாம்.

நவம்பர் கடைசியில் ஒருநாள், லாரி இல்லாத நேரத்தில், லியோனி கொட்டகையின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு வயதானவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துவிட்டு அவளிடம் வந்தார்.

"ஏம்மா, அந்தக் கடைசிக் குதிர்ல இருக்கிறவரு யாரு?"

லியோனி மேலே பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"சரியாத் தெரியலீங்க," என்றாள்.

வாசலில் ஒரு லாரி திரும்பியது. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு உள்ளே போனாள்.